இனித் தேவைப்படாதவை

காலை ஒன்பது இருபதுக்குப் பூவராகன் தன் மாமனார் வீட்டுக் கதவைக் கெடுத்தான். கெடுக்கும் எண்ணம் அவனுக்கு இல்லை. மேம்படுத்தத்தான் பார்த்தான்.

காரணம் தாடி. மூன்று வாரமாக அவன் வளர்த்துவந்த தாடியைக் கதவு ஏற்கவில்லை. வெளியே போய்விட்டு வந்து நின்றால், "முகம் பொருந்தவில்லை, வீட்டுத் தலைவரை அழைக்கிறேன்" என்று சொல்லிவிடும். வீட்டுத் தலைவரான சிவக்கொழுந்து மெதுவாக நடந்து வந்து திறப்பார். திறந்ததும், "எங்க போயிட்டு வர்றீங்க மாப்ள?" என்பார். எடை அளவுத் துறையில் முப்பத்தோரு வருடம் ஆய்வாளராக இருந்தவர். தராசுத் தட்டுக்கு அடியில் புளி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துப் பழகிய கண்ணால் மாப்பிள்ளையையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வழிவிடுவார். தாடியை எடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் வீட்டோடு மாப்பிள்ளையாக இருப்பவனுக்கு அந்த வீட்டில் சொந்தம் என்று இருந்தது அது ஒன்றுதான்.

ஆகவே அன்று மாமனார் குளிக்கப் போன நேரமாகப் பார்த்துக் கதவுக்குப் புது நிரல் போட்டான். இதில் என்ன குற்றம் என்று புரிய அந்தக் கட்டடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

தாம்பரம் தாண்டிப் பதினொரு மாடி. கதவு, அடுப்பு, வெந்நீர், புகை மணி, சிலருடைய உடம்புக்குள் இருக்கும் கருவி என எல்லாவற்றையும் ஆள்வது அந்தந்த வீட்டின் இயங்குதளம். எல்லாமே லினக்ஸ் வம்சம். எந்தக் கிளையைப் போடுவது என்று குடியிருப்போர் சங்கம் கூடிப் பேசியது. ஐந்து மணி நேரமும் இரண்டு நாற்காலிகளும் செலவானபின், மாடிக்கு மாடி அவரவர் விருப்பம் என்று தீர்மானம் நிறைவேறியது. டெபியன், ஆர்ச், நிக்ஸ் என்று பேர் சொல்லி முந்தைய தலைமுறைகளும் இதே சண்டையைப் போட்டிருக்கின்றன. இப்போதிருப்பவை அவற்றின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள். சண்டைக்கு மட்டும் வயதாகவில்லை.

ஒன்பதாம் மாடியில் ஓடியது பாறை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, சித்திரையில், புதுப் பதிப்பு வரும். நடுவில் ஓட்டை உடைசல் அடைப்பதைத் தவிர ஒன்றும் மாறாது. சிவக்கொழுந்துவை அளவெடுத்துத் தைத்தது போலிருக்கும். எட்டாம் மாடியில் ஓடை. அங்கே தினமும் காலையில் எல்லாமே புதிது. பத்தாம் மாடியில் அடுக்கு. அங்கே ஒவ்வொரு நிரலும் தனக்கு வேண்டிய சாமான்களைத் தன் தட்டிலேயே வைத்துக்கொள்ளும். பழையதும் புதியதும் ஒன்றையொன்று முட்டாமல் பக்கத்துப் பக்கத்துத் தட்டில் இருக்கும். முதல் மாடியில் ஒருவர் எல்லா நிரல்களையும் மூலத்திலிருந்து தானே சமைத்துக்கொள்கிறவர். அவர் வீட்டு வாசல் கதவு பதினேழு நாளாக வெந்துகொண்டிருக்கிறது. நல்ல மனிதர். சமையலறை ஜன்னல் வழியாகப் போய் வருகிறார்.

பூவராகன் பாறை வீட்டுக்குள் ஓடையின் நிரல் கிடங்கைச் சேர்த்து, அதிலிருந்து கதவு நிரலை மட்டும் இறக்கினான். இப்படிச் செய்யவே கூடாது என்று பாறையின் கையேட்டில் முதல் பக்கத்தில் இருக்கிறது. முதல் பக்கம் என்பதால் யாரும் படிப்பதில்லை.

புது நிரல் முதல் வேலையாகப் பூட்டின் சில்லுக்குள் தன்னை எழுதிக்கொண்டது. இனிப் பழையதற்குத் திரும்ப முடியாது. அதன்பிறகுதான் தனக்கு 'அடையாளம் ஏழு' வேண்டும் என்று கேட்டது. அடையாளம் என்பது வீட்டிலுள்ள எல்லாருக்கும் பொதுவான நிரல். வந்திருப்பது யார், மாட்டியிருப்பது என்ன என்று கதவும் அடுப்பும் மற்றவையும் அதைத்தான் கேட்கும். பாறை வீட்டில் அது ஒன்றுதான் இருக்கலாம். ஆறு இருந்தால் ஏழு இருக்காது.

"அடையாளம் ஆறாம் பதிப்பில் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது," என்றது வீடு. "கதவு பாதி நிறுவப்பட்ட நிலையில் இருக்கிறது. பாதுகாப்புக்காகப் பூட்டப்படுகிறது."

நான்கு பக்கமும் எஃகுத் தாழ்கள் இறங்கும் சத்தம் கேட்டது. விற்கும்போது அந்தச் சத்தத்தைத்தான் போட்டுக் காட்டி விற்றிருந்தார்கள்.

சிவக்கொழுந்து துண்டோடு வந்தார். இடுப்பில் பெல்ட். இரண்டு வருடத்துக்கு முன்பு அவருடைய மூச்சுத் தசை வேலையை நிறுத்திவிட்டது. நெஞ்சுக்குள் வைத்த ஒரு கருவி தசைக்கு ஆணையிடும். கருவிக்கு ஆணையிடுவது வீடு. பெல்ட்டில் இருக்கும் பேட்டரி மாதம் ஒருமுறை மாற வேண்டும். அன்றுதான் மாறும் நாள்.

"என்ன மாப்ள சத்தம்?"

"கதவு மாமா. ஏதோ கோளாறு. தானா பூட்டிக்கிச்சு."

"தானாவா?"

"தானாதான்."

சிவக்கொழுந்து கதவைப் பார்த்தார். பூவராகனைப் பார்த்தார். பெல்ட்டைப் பார்த்தார். "பன்னெண்டு மணி வரைக்கும் தாங்கும்," என்று சொல்லிவிட்டுச் சட்டை போடப் போனார்.

பத்து மணிக்குப் பேட்டரி வந்தது. கொண்டுவந்தவர் மூடிய கதவிடம் கையெழுத்து கேட்டுப் பார்த்துவிட்டு, அதை எட்டாம் மாடி ஜெசிந்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஜெசிந்தா வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். அந்தக் கட்டடத்தில் எந்த வீட்டில் எது உடைந்தாலும் முதலில் வந்து நிற்பாள். தன் வீட்டில் தினமும் ஏதாவது உடைவதால் வந்த அனுபவம்.

"பிரதர், என்ன ஆச்சு?" என்றாள் கதவுக்கு வெளியிலிருந்து.

"பாதி நிறுவப்பட்ட நிலையாம்."

"பாறைல பாதி நிலையா? நீங்க ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதானே தும்முவீங்க?"

பூவராகன் கதவு நிறுவனத்துக்குப் பேசினான். புகாரைப் பதிவு செய்து, முன்னுரிமை நடுத்தரம், நாளை மறுநாள் ஆள் வரும் என்றார்கள். தீயணைப்பு நிலையத்தில் இருந்த இரண்டு வண்டிகளும் ஒரு ரசாயனக் கிடங்கில் நின்றன. ஒரு மணிக்கு மேல் ஆகும். ஆம்புலன்ஸ் மட்டும் சொன்ன நேரத்துக்கு வந்து கீழே நின்றது. கதவு திறந்ததும் கூப்பிடுங்கள் என்றார்கள். தீ பிடித்தால் கதவு தானாகத் திறக்கும் என்பது பூவராகனுக்கு நினைவு வந்து, பழைய செய்தித்தாளை எடுத்து வந்தான்.

"என்ன பண்றீங்க?" என்றார் சிவக்கொழுந்து.

"புகை போட்டா கதவு திறக்கும் மாமா."

"நான் மூச்சு விடுறதே மெஷின்ல. நீங்க அதுல புகை போடுறீங்க."

அதோடு, புகை மணியும் எதையும் அடையாளத்திடம் கேட்டுத்தான் நம்பும்; அடையாளமோ கதவோடு தகராறில் இருந்தது. செய்தித்தாள் திரும்பப் போனது.

அவன் மனைவி கயற்கண்ணி பத்து நாற்பதுக்குப் பேசினாள். மெட்ரோ ரயில் ஓட்டுநர். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்தபிறகுதான் போனைத் தொட முடியும். தொட்டாலும் நான்கு நிமிடம்.

"அப்பா எப்படி இருக்காரு?"

"பேப்பர் படிக்கிறாரு."

"கதவு எப்படிப் பூட்டிச்சு?"

"தெரியல."

"நீ ஒண்ணும் பண்ணலையே?"

"நான் என்ன பண்ணப்போறேன்?"

"இந்த நடை முடிச்சதும் ஆள் மாத்திக் கேக்கிறேன். பன்னெண்டே காலுக்கு வந்துருவேன்," என்றாள். பன்னிரண்டே கால் என்பது பன்னிரண்டுக்குப் பிறகு வருகிறது என்பதை இருவரும் சொல்லவில்லை.

பேட்டரியை உள்ளே கொண்டுவரும் யோசனை பத்தாம் மாடியிலிருந்து வந்தது. ஹபிபுல்லா, கல்லூரியில் வேதியியல் விரிவுரையாளர், பால்கனியில் தலையை நீட்டி, "ஐயா, கயிறு இறக்குறேன், புறா வலையை வெட்டிருங்க," என்றார். ஜவுளிக்கடைப் பை ஒன்று கயிற்றில் ஆடி ஆடி இறங்கியது. உள்ளே, ஜெசிந்தா மேலே கொடுத்தனுப்பிய பேட்டரி. பூவராகனுக்குக் கண் கலங்கிவிட்டது. பெல்ட்டில் மாட்டினான்.

"இந்தப் பேட்டரியைச் சரிபார்க்க அடையாளம் ஏழு தேவை," என்றது வீடு. "ஏழை நிறுவலாமா? நிறுவினால் நீக்கப்படுபவை: நெஞ்சுக் கருவி நிரல்."

"அதை நீக்கினா?" என்றான் பூவராகன், கேட்கத் தேவையில்லாமல்.

"மூச்சு வழங்கப்படாது," என்றது வீடு, அதே குரலில்.

சிவக்கொழுந்து பேப்பரை மடித்து வைத்தார். பெல்ட்டில் ஐம்பத்தெட்டு நிமிடம் இருந்தது.

"நெஞ்சுக்கு ஆறு வேணும். பேட்டரிக்கு ஏழு வேணும். கதவுக்கும் ஏழு வேணும்," என்று பூவராகன் பால்கனிக்கும் கதவுக்கும் நடுவில் நின்று கத்தினான், இரண்டு பக்கமும் கேட்க.

"எங்க மாடின்னா இந்தப் பிரச்சினையே வராது," என்றாள் ஜெசிந்தா கதவுப் பக்கமிருந்து. "நாங்க ஏழுக்குப் போயி ஒரு வருஷம் ஆச்சு. எல்லாரும் ஒண்ணா போயிடுவோம். கொஞ்சம் கொஞ்சமா ஏறினா கால் வலிக்காது பிரதர்."

"போன வாரம் உங்க வீட்டு ஃப்ரிட்ஜ் முட்டையை வெடிகுண்டுன்னு சொல்லி போலீஸைக் கூப்பிட்டுச்சே," என்றார் ஹபிபுல்லா மேலிருந்து.

"மறுநாளே சரியாயிடுச்சு சார். தினமும் உடையும், தினமும் சரியாகும். உங்க வீட்ல எதுவும் உடையாது, சரி. ஆனா ஒரு பல்பு மாத்த நாப்பது பக்கம் எழுதணும்."

"எழுதினது எழுதினபடி நடக்கும்மா. தப்பா போச்சுன்னா நேத்து ராத்திரி வீடு எப்படி இருந்துச்சோ அப்படியே திரும்பிப் போயிருவேன்."

"உங்க வீட்ல இடமே இல்லையே சார். எல்லாம் நாலு நாலு காப்பி."

"மூச்சு விட ஒரு காப்பி போதும்னு சொல்றியா?"

"ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துறீங்களா?" என்றார் சிவக்கொழுந்து. சத்தமாகச் சொல்லவில்லை, அவருக்குச் சத்தத்தின் அளவையும் வீடுதான் முடிவு செய்தது. "முப்பத்தோரு வருஷம் முத்திரை போட்டவன் நான். போட்ட முத்திரையைத் தொடாதவரைக்கும் எடை மாறாது. எதையும் மாத்தக் கூடாதுன்னுதான் இந்த மாடிக்குப் பாறை போட்டேன். இப்ப யாரோ மாத்தியிருக்காங்க."

பூவராகன் புறா வலையின் ஓட்டை வழியாக வானத்தைப் பார்த்தான்.

கீழே ஆம்புலன்ஸிலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள். பெல்ட் நின்றுபோனால் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும், ஐந்து நொடிக்கு ஒருமுறை, நெஞ்சு எழும்புவதைப் பார்த்து. ஒலிபெருக்கியில் எல்லாவற்றையும் விளக்கினாள். மாமனாரும் மருமகனும் ஒருவரையொருவர் பார்க்காமல் மிகுந்த கவனத்தோடு கேட்டார்கள்.

"எவ்வளவு நேரம் ஊதலாம்?" என்றான் பூவராகன்.

"நீங்க தாங்குற வரைக்கும் சார்."

ஹபிபுல்லா மறுபடி தலையை நீட்டினார். "தம்பி, ஒரு வழி இருக்கு. எங்க வீட்டுப் பெட்டியைக் கயிறுல இறக்குறேன். அது ஒரு டிபன் கேரியர் அளவுதான். அதுல ஆறும் ஏழும் தனித்தனித் தட்டுல இருக்கும். ஐயா நெஞ்சுக்கு ஆறு, பேட்டரிக்கு ஏழு. ஆனா உங்க வீட்ல சரியா என்ன மாறுச்சுன்னு எனக்குத் தெரியணும். தெரியாம எழுதினா தப்பா எழுதிருவேன். கருவிக்கு ரெண்டாவது வாய்ப்பு கிடையாது. ஏதாவது வெளிக் கிடங்கு சேத்தீங்களா?"

பெல்ட்டில் முப்பத்தாறு நிமிடம்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்த பூவராகனுக்கு வாய் வறண்டிருந்தது. இந்த வாயால்தான் இன்னும் சற்று நேரத்தில் ஊத வேண்டியிருக்கும் என்று தோன்றியது.

"ஓடையோட கிடங்கைச் சேத்தேன். கதவு நிரலை மட்டும் எடுத்தேன். ஒன்பது இருபதுக்கு," என்றான். "என் தாடியை அதுக்குத் தெரியணும்னு."

கதவுக்கு வெளியே ஜெசிந்தா, "லிஃப்ட்ல எங்க கதவைப் பத்தி நான் பீத்திக்கிட்டேன், அதைக் கேட்டுட்டா இப்படிப் பண்ணீங்க?" என்றாள்.

"எனக்கு ஒன்பது இருபத்தொண்ணுக்கே தெரியும் மாப்ள," என்றார் சிவக்கொழுந்து. "வீட்ல என்ன மாறினாலும் எனக்கு ஒரு சீட்டு வரும். குளியலறைக் கண்ணாடியில."

"அப்புறம் ஏன் மாமா கேக்கல?"

அவர் பெல்ட்டின் கொக்கியைச் சரி செய்தார். சரியாகத்தான் இருந்தது.

"கேட்டா நீங்களும் கேப்பீங்க. ஏழை நிறுத்தி வச்சது யாருன்னு." பெல்ட்டிலிருந்து கையை எடுத்தார். "ஐப்பசியிலேயே மருத்துவமனையிலேர்ந்து சொல்லிட்டாங்க. பழைய சரக்கு தீந்ததும் வர்ற புது பேட்டரி எல்லாம் ஏழுதான் கேக்கும், ரெண்டு நாள் வந்து படுங்க, நெஞ்சுக் கருவிக்குப் புது நிரல் போட்டுப் பழக்கி அனுப்புறோம்னு. எனக்குப் போக மனசில்ல. நல்லா ஓடுறதை எதுக்குக் கழட்டணும்? ஏழு வீட்டுக்குள்ள வரவே கூடாதுன்னு நிறுத்தி வச்சேன். கண்ணிகிட்ட சொல்லல."

இருவரும் சற்று நேரம் தரையைப் பார்த்தார்கள். அந்தத் தரையில் ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் சிவக்கொழுந்துவே துடைப்பார்.

"இது போதும் எனக்கு," என்றார் ஹபிபுல்லா, கல்லூரிப் பரிசோதனை அறையில் பேசுவது போல. பெட்டி இறங்கியது.

எழுத இருபது நிமிடமாயிற்று. நாற்பது பக்கத்தில் அவருக்குத் தேவைப்பட்டது பதினொன்றுதான். பெட்டி பால்கனியில் ஜவுளிக்கடைப் பைக்குள் உட்கார்ந்து பச்சை விளக்கு காட்டியது.

"ஒரு சட்டம் இருக்கு," என்றார் மேலிருந்து. "ஒரு நெஞ்சுக்கு ஒரே வீடுதான் ஆணை கொடுக்கலாம். ரெண்டு வீடு கொடுத்தா ஒண்ணு இழுக்கும், ஒண்ணு விடும். அதனால ஐயாவை முதல்ல உங்க வீட்டுக் கணக்குலேர்ந்து எடுக்கணும். எடுத்த உடனே நான் என் வீட்ல சேத்துருவேன். நடுவுல பதினெட்டு நொடி. ஐயாவை எடுத்துட்டா உங்க வீட்ல ஏழைத் தடுக்க யாரும் இல்ல. கதவும் திறந்துரும்."

"என் வீட்லேர்ந்து என்னை எடுக்கணும்," என்றார் சிவக்கொழுந்து, சொல்லிப் பார்ப்பது போல.

"பேருக்குத்தான் ஐயா."

"பேருக்குத்தான் நானும் வீட்டுத் தலைவர்." அவர் பால்கனியில் பைக்குப் பக்கத்தில் போய்ப் படுத்தார். "மாப்ள, நீங்களே போடுங்க. என் கையால என்னை எடுக்க முடியல."

பெல்ட்டில் பதினான்கு நிமிடம். பூவராகன் சுவரில் இருந்த பலகைமுன் நின்று, வீட்டுத் தலைவரை நீக்கு என்று கேட்டான். வீடு ஒரு பட்டியலை விரித்தது.

"நீக்கப்படுபவர்: சிவக்கொழுந்து. புதிய தலைவர்: கயற்கண்ணி. கீழ்க்கண்டவை இவருக்காகத் தானாகச் சேர்க்கப்பட்டவை, இனித் தேவைப்படாதவை, சேர்த்து நீக்கப்படும்: நெஞ்சுக் கருவி நிரல். மாலை வெந்நீர் நேரம். செய்தித்தாள் உரத்து வாசிப்பான். பூவராகன்."

அவன் இரண்டு முறை படித்தான். செய்தித்தாள் வாசிப்பானுக்கு அடுத்து, அதே எழுத்து அளவில், அவன் பெயர்.

"மாமா, இதுல என் பேர் இருக்கு."

சிவக்கொழுந்து பால்கனியில் படுத்தபடியே சொன்னார்.

"கல்யாணம் ஆனப்ப பதிப்பு பூட்டியாச்சு மாப்ள. நடுவுல ஆள் சேக்க பாறை விடாது. மருத்துவத் தேவைன்னா மட்டும் விடும். அதனால என் நெஞ்சுக் கருவிக்கு உதவின்னு உங்களைப் போட்டேன். மாப்பிள்ளைன்னு ஒரு கட்டமே அதுல இல்ல."

"பதினாலு மாசமா?"

"சொல்லணும்னுதான் நினைச்சேன்."

பட்டியலில் இருந்து ஒரு பெயரை மட்டும் எடுக்க முடியுமா என்று பார்த்தான். புதிய தலைவரின் ஒப்புதல் வேண்டும் என்றது வீடு. புதிய தலைவர் சுரங்கத்துக்குள் எங்கோ ரயில் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, நேரம்," என்றார் ஹபிபுல்லா.

ஒன்பதாம் மாடிக்கு வந்த நாளிலிருந்து பூவராகன் அந்த வீட்டை விட்டுப் போவதைப் பற்றி வாரம் மூன்று முறையாவது நினைத்திருக்கிறான். நினைப்பில் எப்போதும் அவன்தான் கதவைச் சாத்துவான். இப்படி வெந்நீருக்கும் நெஞ்சுக் கருவிக்கும் பின்னால் வரிசையில் நின்று போவதாக ஒருநாளும் நினைத்ததில்லை. ஆம் என்பதை அழுத்திவிட்டு பால்கனிக்கு ஓடினான்.

சிவக்கொழுந்துவின் நெஞ்சு ஒருமுறை இறங்கியது. பிறகு ஏறவில்லை.

பதினெட்டு நொடி போனது. மேலே ஹபிபுல்லா, "உறவுமுறை கேக்குது, உறவுமுறை கேக்குது," என்று சொல்லிக்கொண்டே எதையோ தட்டினார். அடுக்கு வீட்டில் எதையும் வெறுமனே சேர்க்க முடியாது. யார், என்ன, எதற்கு என்று எழுதியாக வேண்டும். இருபத்தைந்து நொடி. சிவக்கொழுந்துவின் கண்கள் திறந்தேயிருந்து மாப்பிள்ளையைப் பார்த்தன. எங்கே போயிட்டு வர்றீங்க என்று கேட்கிற பார்வை இல்லை.

பூவராகன் குனிந்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஊதினான். நெஞ்சு எழுந்தது. ஐந்து எண்ணினான். மறுபடி ஊதினான். ஆறாவது முறை ஊதக் குனிந்தபோது நெஞ்சு தானாக எழுந்தது. பையின் மேல் பச்சை விளக்கு துடித்தது.

சிவக்கொழுந்து நான்கு மூச்சு விட்டபின் வாயைத் துடைத்துக்கொண்டு, "தாடி குத்துது மாப்ள," என்றார்.

"'அத்தா'ன்னு, அப்பா கட்டத்துல போட்டேன் ஐயா," என்று கூவினார் ஹபிபுல்லா. "அவசரத்துல வேற எதுவும் வரல. எங்க அத்தா போயி ஏழு வருஷம் ஆச்சு, கட்டம் காலியா இருந்துச்சு."

உள்ளே ஏழு வந்து உட்காரும் சத்தமும் நான்கு தாழ்களும் எழும் சத்தமும் கேட்டன. ஜெசிந்தா முதலில் வந்தாள், ஆம்புலன்ஸ் ஆட்கள் பின்னால். வீடு எல்லாரையும் வரவேற்றது. பிறகு, "விருந்தினர் பூவராகன்," என்றது. "தங்கும் நேரம் முப்பது நிமிடம்."

கயற்கண்ணி பன்னிரண்டே காலுக்குச் சீருடையோடு வந்தாள். அப்பாவின் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு தண்ணீர் குடித்தாள். பிறகு இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்து யார் என்ன செய்தார்கள் என்று கேட்டாள். இருவரும் அவரவர் பங்கைச் சொன்னார்கள். மற்றவர் பங்கைக் குறைத்துச் சொன்னார்கள் என்பதை அவள் கவனித்தாள். கோபம் அதனால் கூடியது.

"என்கிட்ட நீ காலைல 'நான் என்ன பண்ணப்போறேன்'னு சொன்ன," என்றாள் பூவராகனிடம்.

"ஆமா."

"இவர் எட்டு மாசமா ஒண்ணுமே சொல்லல."

"ஆமாம்மா," என்றார் சிவக்கொழுந்து.

"நல்லா சேந்தீங்க."

பூவராகனை மறுபடி சேர்க்கச் சொல்லி அவள் வீட்டிடம் கேட்டாள். புதிய உறுப்பினர் சேர்க்கை அடுத்த பதிப்பில், பத்து மாதம் கழித்து, சித்திரையில் என்றது வீடு. மருத்துவத் தேவை உண்டா? இனி இல்லை. அதுவரை விருந்தினராக இருக்கலாம். அரை மணிக்கு ஒருமுறை வீட்டு உறுப்பினர் யாராவது சம்மதம் சொல்ல வேண்டும். தூங்கும் நேரத்துக்கு மட்டும் ஒரே தவணையாக எட்டு மணி நேரம்.

அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது. அரை மணிக்கு ஒருமுறை வீடு கேட்கும்: "விருந்தினர் பூவராகன், தொடரலாமா?" கயற்கண்ணி வெங்காயம் நறுக்கிக்கொண்டோ தலை துவட்டிக்கொண்டோ, "இருக்கட்டும்," என்பாள். அவள் வேலைக்குப் போனால் ரயில் முனைக்குப் போய்ச் சேரும் நேரத்தைப் பார்த்து, நான்கு நிமிடத்தில் இரண்டு நொடியை அதற்குச் செலவழிப்பாள். நேரம் தப்பினால் பூவராகன் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருப்பான். உலகத்தில் எத்தனை கணவர்கள் தங்களை வைத்துக்கொள்ளலாமா என்று மனைவியிடம் ஒரு நாளைக்கு முப்பது முறை கேட்கப்படுவதைக் கேட்டிருப்பார்கள் என்று தெரியவில்லை. முதல் வாரம் அவமானமாக இருந்தது. பிறகு ஒவ்வொரு முறையும் அவள் குரலில் என்ன இருக்கிறது என்று கேட்கப் பழகிக்கொண்டான்.

சிவக்கொழுந்து பத்தாம் மாடியின் அத்தாவாக ஒன்பதாம் மாடியில் இருக்கிறார். ஜவுளிக்கடைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடமாடுகிறார். அதிலிருந்து பன்னிரண்டு அடிக்கு மேல் போக முடியாது. பாறை வீடு அவரை அறியாது, அதனால் வெளியே போகவும் சொல்லாது; அடுப்பு அவருக்குப் பற்றாது, வெந்நீர் வராது. ரம்ஜானுக்கு அடுக்கு வீடு அவரை அதிகாலை நான்கு மணிக்கு எழுப்பிவிட்டது. எழுந்தவர் மேலே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

போன வியாழக்கிழமை மாலை, பூவராகன் குக்கர் விசிலை எண்ணுவதற்கு ஓடையிலிருந்து ஒரு சின்ன நிரல் இறக்கியிருந்ததைக் கயற்கண்ணி கண்டுபிடித்தாள். அவள் கத்தவில்லை. சமையலறையில் முதுகைத் திருப்பி நின்றாள்.

"விருந்தினர் பூவராகன், தொடரலாமா?" என்றது வீடு.

குக்கர் ஒரு விசில் அடித்தது. எண்ண ஆளில்லை.

"பதிலில்லை. பதினைந்து நொடியில் விருந்தினர் வெளியேற வேண்டும்."

பூவராகன் செருப்பைப் பார்த்தான்.

"இருக்கட்டும்," என்றார் சிவக்கொழுந்து, பால்கனி நாற்காலியிலிருந்து.

"அறியாத குரல். கணக்கில் கொள்ளப்படாது," என்றது வீடு.

"இருக்கட்டும்னு சொல்றேன்," என்றார் அவர் இன்னும் உரக்க. உரக்கச் சொல்ல ஒரு மூச்சு கூடுதலாக வேண்டியிருந்தது. பைக்குள்ளிருந்து அது கிடைத்தது.

"அறியாத குரல். கணக்கில் கொள்ளப்படாது. நான்கு நொடி."

கயற்கண்ணி திரும்பி அப்பாவைப் பார்த்தாள். மூன்று நொடியை அதிலேயே செலவழித்துவிட்டு, நான்காவதில் அந்த ஒரு சொல்லைச் சொன்னாள்.